வேலை செய்யாத மாதங்களின் வரி

வேலையை விட்ட பிறகுதான் மதியம் என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரிந்தது. பெங்களூரு பொம்மசந்திராவில் இயந்திர உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் ஒன்பது வருடம் உற்பத்தித் திட்டம் போடும் வேலை. காலை ஏழு மணிக்குக் கம்பெனி பஸ். திரும்பும்போது ஓசூர் ரோடு முழுக்கச் சிவப்பு விளக்குகள். நடுவில் இருந்ததெல்லாம் டியூப்லைட் வெளிச்சம்தான். ஈஜிபுராவில் நாங்கள் குடியிருக்கும் இரண்டாவது மாடி வீட்டுக்குள் இரண்டு மணிக்கு மேல் ஒரு துண்டு வெயில் நுழைந்து, சமையலறை வாசலிலிருந்து கட்டில் கால் வரை நகர்ந்து போகும் என்பதை நான்கு வருடம் வாடகை கொடுத்தும் நான் அறிந்திருக்கவில்லை.

மகளுக்கு ஆறு மாதம் ஆனபோது மனைவியின் பேறுகால விடுப்பு முடிந்தது. அவளுக்கு எலெக்ட்ரானிக் சிட்டியில் சாஃப்ட்வேர் கம்பெனி வேலை, என்னைவிடக் கொஞ்சம் கூடுதல் சம்பளம். அவ்வளவு சின்னக் குழந்தையை வெளியே விட இருவருக்குமே மனம் வரவில்லை. யாராவது ஒருவர் ஒரு வருடம் வீட்டில் இருப்பது என்று பேசினோம். கணக்குப் பார்த்தால் அது நான்தான். செப்டம்பர் கடைசியில் விலகினேன். ஒரு வருடம் முடிந்ததும் நான் வேலைக்குப் போக வேண்டும், குழந்தையைக் கீழ்வீட்டு அக்கா பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. ஏற்கெனவே நாலு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற கன்னடத்து அக்கா அவர்.

விலகும் நாளில் லேப்டாப்பையும் அடையாள அட்டையையும் வாங்கிக்கொண்டார்கள். கூடவே சிம் கார்டையும். அங்கேதான் நான் மாட்டினேன். கம்பெனி சும்மா கொடுத்த சிம் இருக்கும்போது சொந்தக் காசில் இன்னொன்று எதற்கு என்று ஒன்பது வருடமாக அந்த ஒரே எண்ணோடு இருந்த ஆள் நான். பாங்க், ஆதார், கேஸ் சிலிண்டர் எல்லாம் அதில்தான். எங்கள் பஸ்ஸிலேயே என்னைப் போன்ற இளிச்சவாயர்கள் இருபது பேராவது இருந்தார்கள். புது எண் வாங்கினேன். ஆனால் அது நிலைக்குமோ என்னவோ என்று எல்லா இடத்திலும் மாறாத எண்ணாக மனைவியின் எண்ணைக் கொடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு எதற்கு ஓ.டி.பி. வந்தாலும் அவளுக்குத்தான் போன் செய்வேன். மீட்டிங் நடுவிலிருந்து, ஏதோ ரகசியம் சொல்வதுபோலத் தணிந்த குரலில் ஆறு இலக்கங்களைச் சொல்லிவிட்டு வைத்துவிடுவாள்.

பிறகு அந்த மதியங்கள். தெருவில் குக்கர் விசில்கள் ஓய்ந்து, கீரை வண்டி போய், எல்லாச் சத்தமும் தண்ணீருக்கு அடியில் கேட்பதுபோல ஆகும். மகள் என் நெஞ்சின் மேல் தூங்குவாள். நான் தூங்குகிறேனா விழித்திருக்கிறேனா என்று எனக்கே தெரியாது. நாலு மணிக்கு அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு, வருடக்கணக்காக முடியாமல் நிற்கும் மேம்பாலத்தின் தூண்களுக்கு இடையில் நடப்பேன். ஒவ்வொரு தூணையும் அவள் கையால் தொட்டுப் பார்த்தாக வேண்டும். உறவுக்காரர்கள் போனில், பெண்டாட்டி சம்பளம் எப்படி ருசிக்கிறது என்று கேட்டுச் சிரித்தார்கள். முதல் இரண்டு மாதம் கோபம் வந்தது. அப்புறம் அந்தக் கோபத்துக்குக்கூட நேரமில்லை. நான் சந்தோஷமாக இருந்தேன். அதற்கு முன் அப்படி இருந்ததாக நினைவில்லை.

அடுத்த ஜூலையில் வருமான வரி ரிட்டர்ன் போடச் சொல்லி மனைவி நச்சரித்தாள். தெருமுனை சைபர் சென்டரில் போட்டேன், வழக்கம்போல அவளிடம் எண் கேட்டு. சம்பளத்தில் வரியாகப் பிடித்த பணம் யானை வாய்க்குப் போன கரும்பு என்பது என் எண்ணம். அதோடு அதை மறந்துவிட்டேன்.

ஆகஸ்டில் ஒரு மதியம் மின்னஞ்சல் வந்தது. வரிப்பணம் திருப்பி அனுப்பப்பட்டதாம். இப்படித்தான் சொல்லி ஏமாற்றுகிறார்கள் என்று அழிக்கப் போனேன். ஆனாலும் ஆசை யாரை விட்டது? மகளைத் தூக்கிக்கொண்டு ஏ.டி.எம்.முக்குப் போய்ப் பார்த்தால், முப்பத்தைந்தாயிரத்துச் சொச்சம் கணக்கில் உட்கார்ந்திருந்தது. சைபர் சென்டர்காரரிடம் போய்க் கேட்டேன்.

"நீங்க வருஷம் பூரா வேலை செய்வீங்கன்னு நெனச்சு கம்பெனில புடிச்சிருக்காங்க சார். நீங்க பாதியில நின்னுட்டீங்க. அவ்ளோதான், வாபஸ் வந்துருச்சு" என்றார்.

அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அக்டோபர், நவம்பர், மார்ச் வரைக்கும் வேலைக்குப் போன ஒரு நான் எங்கோ ஒரு கம்ப்யூட்டருக்குள் இருந்திருக்கிறேன். நான் இங்கே கேழ்வரகுக் கூழை ஆற்றிக்கொண்டிருந்தபோது அவன் ஏழு மணி பஸ் ஏறியிருக்கிறான். அவனுக்கும் சேர்த்து வரி கட்டியாகிவிட்டது. இப்போது அப்படி ஒருவன் இல்லவே இல்லை என்று அரசாங்கமே ஒப்புக்கொண்டு பணத்தைத் திருப்பியிருக்கிறது. பாவம் அவன், தன் மகள் முதன்முதலாகத் தவழ்ந்ததைப் பார்த்திருக்க மாட்டான்.

இதற்குள் பொம்மசந்திராவிலேயே வேறொரு கம்பெனியிலிருந்து எனக்கு வேலை உத்தரவு வந்து, ஃபிரிட்ஜ் மேல் காந்தத்தில் மாட்டியிருந்தது. செப்டம்பர் ஒன்றாம் தேதி சேர வேண்டும். கேட்டால் நவம்பர் வரை பொறுப்பார்கள். சேமிப்பு அநேகமாகத் தீர்ந்துவிட்டதால் அப்படிக் கேட்கும் நினைப்பே எனக்கு இருந்ததில்லை. இப்போது கூரையைப் பிய்த்துக்கொண்டு கொட்டியிருக்கிறது. இரண்டு மாத வாடகை. இன்னும் இரண்டு மாதம் நான் மகளோடு இருக்கலாம். மனைவியிடம் இதை எப்படிக் கேட்பது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே பணம் வந்ததைச் சொல்லாமல் தள்ளிப்போட்டேன். ஒன்பது நாள்.

அந்த ஒன்பது நாளில் இன்னொன்றும் நடந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை, அந்த வெயில் துண்டு தரையில் கிடந்தபோது, பதினேழு மாதமாகியும் தனியாக நடக்காமல், ஃபிரிட்ஜைப் பிடித்துக்கொண்டு நின்ற மகள் கையை விட்டாள். வெயிலை நோக்கி நாலு அடி நடந்து, அதன் நடுவில் பொத்தென்று உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளைத் தூக்கிக்கொண்டு கீழே ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன். மனைவியிடம் மட்டும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவளே பார்க்கட்டும், அதுதான் முதல் தடவை என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். அது பெருந்தன்மை என்றுதான் அன்று நம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மகள் மனைவியின் முன்னால் ஆறு அடி நடந்தாள். நான் முதன்முதலாகப் பார்ப்பதுபோல வாயைப் பிளந்தேன். மனைவி என் முகத்தைப் பார்த்தாள், குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"இவ நடக்குறான்னு செவ்வாய்க்கிழமையே கீழ்வீட்டு அக்கா சொல்லிட்டாங்க. படில பாத்து, ஸ்வீட் எங்கன்னு கேட்டாங்க. நீங்க சொல்வீங்கன்னு பாத்தேன்" என்றாள்.

அவள் குரலை உயர்த்தவே இல்லை.

"பணம் வந்ததும் தெரியும். பாங்க் மெசேஜ் எனக்குத்தானே வருது."

பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா என்பார்கள். ஓ.டி.பி.க்குத்தான் அவள் எண் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மற்றதெல்லாமும் அங்கேதான் போகும் என்பது என் மரமண்டைக்கு உறைக்கவில்லை. ஒன்பது நாளும் அவள் தெரிந்துகொண்டே என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள். வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு மாத வாடகை, நவம்பர், மகள், மதியம். சொல்லச் சொல்ல எனக்கே அது ஒரு பிள்ளையின் கெஞ்சலாகக் கேட்டது.

அவள் குழந்தையின் பாதத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "நீங்க வேலை செய்யாத மாசத்துக்குப் புடிச்சது திரும்பி வந்துருச்சு. நான் வேலை செஞ்ச மாசத்தை எனக்கு யாருங்க திருப்பித் தருவாங்க?"

வெளியே கீரை வண்டி போனது. ஒரு வருடமாக அவள் எனக்குப் போனில் தணிந்த குரலில் எண்களைச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவள் எங்கே உட்கார்ந்திருந்தாள், அங்கே என்ன வெளிச்சம் என்று நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது. எழுந்து போய் ஃபிரிட்ஜ் மேலிருந்த உத்தரவை எடுத்தேன். சேருகிறேன் என்று அன்றைக்கே பதில் எழுதினேன். மனைவி இரண்டு மாதம் சம்பளமில்லா விடுப்புக்கு எழுதிக் கொடுத்தாள். அந்த இரண்டு மாதம் என் சம்பளத்தில் வீடு நடந்தது, திரும்பி வந்த பணம் வாடகைக்குப் போனது.

ஒன்றாம் தேதி ஏழு மணி பஸ். புது இடத்திலும் அதே டியூப்லைட்தான். சிம் தருகிறோம் என்றார்கள், வேண்டாம் என்றேன். இரண்டரை மணி இருக்கும், மனைவியிடமிருந்து செய்தி வந்தது. திறந்து பார்த்தேன்.

"பதினொரு அடி. இப்பதான்."