என் கல்யாணத்துக்கு என் கேந்தி

சித்திரையில் எனக்குக் கல்யாணம் என்று முடிவானதும், பூதப்பாண்டியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் கிடந்த ஐந்து சென்டிலும் கேந்தி நாற்று நட்டேன். செண்டுமல்லிக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அதுதான். பூ வியாபாரியான சித்தப்பா பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“ஒனக்கு வட்டா, கிறுக்கா? சந்தையில கெடைக்காத பூவா மக்கா?”

எனக்குச் சுர்ரென்று ஏறியது.

பங்குனியிலேயே செடிகள் மொட்டுவிட்டன. அப்படியே விட்டால் கல்யாணத்துக்கு முன்பே பூத்து ஓய்ந்துவிடும். காலையும் மாலையும் குனிந்து ஒவ்வொரு மொட்டாகக் கிள்ளிப் போட்டேன். கிள்ளிய இடத்தில் பக்கக் கிளைகள் வெடித்தன. என் நகமெல்லாம் கறுத்துவிட்டது. “கல்யாணப் பொண்ணுக்க கையா ஏட்டி இது?” என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

கல்யாணத்தன்று விடியும்போது ஐந்து சென்டும் மஞ்சளாகப் பற்றி எரிந்தது. மேடைக்கும் வாசலுக்கும் காருக்கும் கட்டிய பிறகும் இரண்டு கூடை மிஞ்சியது.

தாலி கட்டி முடிந்ததும் சித்தப்பா வந்தார். மேடையிலிருந்து ஒரு பூவைப் பிய்த்து, வியாபாரப் பழக்கத்தில் அடியை அழுத்திப் பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை.

“வெத வச்சிருக்கியா மக்கா?” என்றார் மெல்ல.

மாலையும் கழுத்துமாக நிமிர்ந்து நின்று கேட்டேன். “சந்தையில கெடைக்காத வெதயா சித்தப்பா?”