காம்பவுண்டுக்கு நான் சொன்ன அர்த்தம்

காம்பவுண்ட் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு எத்தனை அர்த்தம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவேன். மருந்துகளைக் கலப்பது காம்பவுண்ட். இரண்டு சொற்கள் சேர்ந்து ஒன்றானால் அதுவும் காம்பவுண்ட். முறிந்த எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தால் காம்பவுண்ட். பங்களாவைச் சுற்றிச் சுவர் எழுப்பினால் உள்ளே இருக்கும் இடம் முழுவதும் காம்பவுண்ட். ஒன்பது வயதில் கற்றது, ஒன்றும் மறக்கவில்லை. மறந்திருந்தால் தேவலை என்றும் சில நாள் தோன்றும்.

பிரேசர் டவுனில் ஒரு துரைசானியின் பங்களாவுக்குப் பின்னால், அப்படியொரு காம்பவுண்டில்தான் குடியிருந்தோம். அப்பா அந்த அம்மாளுக்குக் கடிதங்கள் எழுதும் ரைட்டர். பிளேக்கில் கணவரைப் பறிகொடுத்தவர் என்பதால் துரைசானிக்குக் கூட்டம் என்றாலே பயம். பின்பக்கத்து வீட்டில் எங்கள் குடும்பம் மட்டும் இருக்கலாம், வேறு யாரும் தங்கக்கூடாது என்பது அவர் போட்ட கட்டளை.

மோட்டார் வாங்கிய பிறகு குதிரை லாயம் காலியாகக் கிடந்தது. அதில் மாமாவும் அத்தையும் நாலு மாதமாக ஒளிந்து குடியிருந்தார்கள். மாமா கம்பவுண்டர். அவருடைய டாக்டர் டிஸ்பென்சரியை மூடிவிட்டுச் சீமைக்குப் போனதில் வேலையும் போயிற்று, டிஸ்பென்சரிக்குப் பின்னால் இருந்த வீடும் போயிற்று. அத்தைக்கு எட்டாம் மாதம். துவைத்த துணியைக்கூட லாயத்துக்குள்ளேயே காயப்போட்டார்கள்.

"லாயத்துல ஆள் இருக்குன்னு யார்கிட்டயாவது வாய விட்ட, அவ்வளவுதான். இந்த வயித்தத் தூக்கிக்கிட்டு உங்கத்தை தெருவுல நிக்கணும்" என்று அம்மா தினமும் சொல்வாள். நான் சொல்லவில்லை. பக்கத்து பெஞ்சுத் தோழியிடம்கூட மூச்சு விடவில்லை.

பள்ளிக்கூடத்துப் பரிசு நாளுக்கு, ஒவ்வொரு பெண்ணும் ஓர் ஆங்கிலச் சொல்லை எடுத்து மேடையில் விளக்க வேண்டும் என்றார்கள். மாமாதான் காம்பவுண்டை எடுத்துக் கொடுத்தார். டாக்டர் விட்டுப்போன தடித்த அகராதியை மடியில் வைத்துக்கொண்டு, கலக்கிற காம்பவுண்ட் லத்தீனிலிருந்து வந்தது, சேர்த்து வைப்பது என்று அர்த்தம் என்றார். சுவருக்குள் இருக்கும் காம்பவுண்ட் மலாய்க்காரர்களுடையதாம். அங்கே ஊருக்குக் கம்போங் என்று பெயராம்.

"வெள்ளக்காரன் வாயில அது நொழையல. கையில இருந்த பழைய வார்த்தையோட சட்டைய அதுக்கு மாட்டிவுட்டுட்டான்" என்று சிரித்தார்.

எனக்கு அது ஒப்பவில்லை. எழுத்தும் ஒன்று, ஓசையும் ஒன்று, பிறப்பு மட்டும் எப்படி இரண்டு? நானே யோசித்து ஒரு நிரூபணம் தயார் செய்தேன். மாமாவிடம் அதைக் காட்டவில்லை. மேடையில் கேட்டு அசந்துபோகட்டும் என்று நினைத்தேன்.

அன்று பரிசு கொடுக்க வந்தவர் எங்கள் துரைசானி. அப்பா கடைசி வரிசையில் நின்றார். நான் எல்லா அர்த்தங்களையும் தடங்கலில்லாமல் ஒப்பித்துவிட்டு, கடைசியில் என் சொந்தச் சரக்குக்கு வந்தேன். இவை இரண்டு சொற்கள் என்கிறார்கள், தவறு என்று ஆங்கிலத்தில் முழங்கினேன். எங்கள் காம்பவுண்டைப் பாருங்கள். முன்னால் மேடம் இருக்கிறார், பின்னால் நாங்கள், லாயத்தில் என் மாமாவும் அத்தையும். எல்லோரையும் சேர்த்து வைத்திருப்பதால்தான் அது காம்பவுண்ட்.

யாரிடமும் சொல்லக்கூடாது என்பது எனக்கு நன்றாக நினைவிருந்தது. ஆனால் தமிழில் சொன்னால்தானே சொன்னதாக ஆகும்? ஆங்கிலத்தில் சொல்வது பாடம். இப்போது என் மூன்று வயது மகள் யாரிடமாவது வாயைத் திறந்தாலே என் கை பொத்தப் போகிறது. பொத்தியது சரிதானா என்று பிறகு அரைநாள் யோசிக்கிறேன்.

எல்லோரும் கைதட்டினார்கள். அப்பா தலைப்பாகையைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். பெருமையில் வேர்க்கிறது என்று நினைத்தேன். துரைசானி படப் புத்தகத்தை என் கையில் கொடுத்து, குனிந்து, பட்டாளக் குடியிருப்பில் வேலையாட்களிடம் பேசிப் பழகிய தண்டுத் தமிழில் கேட்டார்: "லாயத்திலே மாமா எத்தனை நாளா இருக்குது?"

தமிழ்! நான் உஷாரானேன். அம்மாவுக்குக் கொடுத்த வாக்கை மீறாமல், முதுகை நிமிர்த்தி ஆங்கிலத்திலேயே பதில் சொன்னேன்: நான்கு மாதங்கள், மேடம்.

மறுநாள் காலை தோட்டக்காரர் வந்து, சனிக்கிழமைக்குள் லாயம் காலியாக வேண்டும் என்று மேடம் சொன்னதாகச் சொல்லிவிட்டுப் போனார். மாமா சனிக்கிழமை வரை காத்திருக்கவில்லை. அப்பாவின் வேலைக்கும் உலை வைத்துவிடக் கூடாது என்று அன்று சாயங்காலமே ஜட்கா கொண்டுவந்தார். யாரும் என்னைத் திட்டவில்லை. பரிசு வாங்கிய பெண் என்ற மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

அம்மா தன் தலையணையைக் கொண்டுவந்து அத்தையின் முதுகுக்கு அண்டை கொடுத்தாள். அத்தை என் கன்னத்தைத் தொட்டு, "நல்லா படி, கண்ணு" என்றாள். ஜட்காக்காரர் கடிவாளத்தை இழுத்துக்கொண்டு, "எங்கே போகணும் சாப்?" என்றார்.

மாமா எங்கள் பக்கம் திரும்பவில்லை. "மொதல்ல கேட்டைத் தாண்டு பாய். அப்புறம் சொல்றேன்."

ஏதோ நல்ல இடமாக இருக்கும், என் காதில் விழுந்தால் நானும் வருவேன் என்று அடம்பிடிப்பேன் என்றுதான் மறைக்கிறார் என்று எனக்குப் பட்டது. கோபமாக வந்தது. நான் கை அசைக்கவில்லை.