மீன்காரம்மா கொடுத்த ஐஸ்

வீடுகளில் கடல்மீன் தொட்டி பராமரிப்பது என் வேலை. ராயப்பேட்டையில் ஒரு வீட்டில் புதுத் தொட்டி வைத்திருந்தார்கள். வீட்டுக்காரர் வெளியூரில் இருந்தார், சாவி என்னிடம் இருந்தது. மே மாதம். கண்ணாடியில் படிந்த பழுப்புப் பாசியைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. தண்ணீரைக் குளிரவைக்கும் மெஷின் நின்றது. சூடு ஏற ஏற மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

தெருமுனையில் மீன் விற்கும் அம்மாவிடம் ஓடினேன். கனத்த உடம்பு. இரண்டு பக்கமும் மூக்குத்தி. யாரோடு பேசினாலும் அவர் கட்டைவிரல் சங்கரா மீன்களின் வயிற்றை அமுக்கிப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

"உசுரோட இருக்குற மீனுக்கு ஐஸ் வேணும்மா."

"இன்னா நைனா, செத்த மீனுக்குத்தான் ஐஸு வெப்பாங்க."

"கரண்ட் இல்ல. தண்ணி சூடாயிடுச்சு. செத்துடும்."

பெட்டியில் இருந்த ஐஸை எல்லாம் அள்ளி கவரில் போட்டார். ஐஸ் தண்ணீர் தொட்டியில் கலக்கக் கூடாது என்றேன். இறுக்கி முடிச்சுப் போட்டு, அவரே மாடிக்குத் தூக்கி வந்தார்.

கவரை மிதக்கவிட்டோம். கொஞ்ச நேரத்தில் மீன்கள் கீழே இறங்கின. விரல் நீளம்கூட இல்லாத ஆரஞ்சு மீனைக் காட்டி, "இத யாரு துன்றது?" என்றார்.

"யாரும் துன்ன மாட்டாங்க. சும்மா பாக்கத்தான்."

"பாக்கவா?" என்றவர் தரையில் உட்கார்ந்து, கரண்ட் வரும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க மீனு கெட்டுடுமேம்மா."

"அது செத்தது நைனா. அதுக்கு இன்னா அவசரம்?"

சாயங்காலம் அந்தச் சங்கராவில் கொஞ்சம் நானே வாங்கிப்போனேன். குழைந்துதான் இருந்தது. குழம்பில் ஒன்றும் தெரியவில்லை.