அடையாறு பாலத்தில் ஒரு கொக்கு

அடையாறு பாலத்தில் வண்டிகள் நகராமல் நிற்கின்றன. ஜன்னலில் தெரிவதை வைத்து ஆளுக்கொரு வரியாகக் கதை சொல்வது எங்கள் காரின் வழக்கம். கீழே சேற்றில் அசையாமல் நிற்கும் கொக்கைக் காட்டி ஆறு வயது மகள் தொடங்குகிறாள்: "அது அவங்க அம்மாவுக்காக வெயிட் பண்ணுது."

பக்கத்து ஆட்டோக்காரர் தலையை நீட்டுகிறார். "அம்மாவாவது ஆயாவாவது! மீனுக்குக் காத்துகினு கீது பாப்பா."

அவர் சொல்லி முடிப்பதற்குள் கொக்கு குனிந்து கொத்துகிறது. அலகில் சிறு மீன் ஒன்று துள்ளி, உள்ளே போகிறது. கதை இத்தோடு முடிந்தது என்று நினைக்கிறேன். மகள் ஆட்டோவின் பக்கம் திரும்புகிறாள்.

"அப்போ மீனோட அம்மா இன்னும் வெயிட் பண்ணிட்டிருக்குமா, அங்கிள்?"

முன்னால் வழி கிடைக்கிறது. பின்னால் ஹாரன்கள் அலறுகின்றன. ஆட்டோக்காரர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.