உம்கொட்டி

சமூகவியல், சமூக மானிடவியல் துறையில் அவருக்கு உம்கொட்டி என்று பெயர். பட்டப்பெயர்தான், ஆனால் மரியாதையோடு வைத்தது. எதிரே உட்கார்ந்து யார் எதைச் சொன்னாலும் தலையைச் சற்றே சாய்த்து ‘ம்ம்’ என்பார். பேச்சு நின்றால், “நீங்க அதை எப்படிப் பாக்குறீங்க?” என்று கேட்பார். வாயே திறக்காத அழுத்தக்காரர்கள்கூட அதற்குப் பிறகு கடகடவென்று கொட்டிவிடுவார்கள்.

இது பழகிக்கொண்ட வித்தை. ஆய்வு மாணவராக இருந்தபோது ஒரு பேட்டியில் தெரியாத்தனமாக “பாவம்மா நீங்க” என்று சொல்லிவிட்டார். ஒலிப்பதிவைக் கேட்ட பேராசிரியர் வறுத்தெடுத்துவிட்டார். ஆய்வாளனின் கருத்து உள்ளே விழுந்தால் பாலில் பல்லி விழுந்த மாதிரி, மொத்தத் தரவையும் கொட்ட வேண்டியதுதான் என்றார். அன்றோடு கருத்துச் சொல்வதையே மனிதர் கைகழுவினார்.

அதனால் ஒன்றும் குறைந்துபோகவில்லை. துறையில் இரண்டு கோஷ்டி. ஏசி அறை யாருக்கு என்று வருடக்கணக்கில் குடுமிப்பிடிச் சண்டை. இரண்டு கோஷ்டியும் தனித்தனியே அவரிடம் வந்து புலம்பின. இரண்டுக்கும் உம் கொட்டினார். ஆசிரியர் பணியிடம் காலியானபோது, நம்ம ஆள் என்று இரண்டு பக்கமும் கைதூக்கின. கடைசியில் அந்த ஏசி அறையும் அவருக்கே வந்து சேர்ந்தது.

வீட்டில்தான் வித்தை எடுபடவில்லை. சாப்பாட்டில் உப்பு சரியாக இருக்கிறதா என்று மனைவி கேட்டால், உனக்கு எப்படித் தோன்றுகிறது என்பார். அவள் தலையில் அடித்துக்கொண்டு உப்பு டப்பாவைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவாள்.

அவருடைய பெரிய ஆய்வு, கணவனை விட்டு வரும் பெண்கள் பிறந்த வீட்டில் ஏன் நிலைப்பதில்லை என்பது. ஊர் ஊராகப் போய்ப் பேட்டி எடுத்தார். கருத்தரங்கில் அவர் அதைப் படித்தால் முன்வரிசையில் கண்ணைத் துடைப்பார்கள். அந்தச் சமயத்தில்தான் அவருடைய அக்கா பெட்டியோடு வந்து வாசலில் நின்றாள்.

அப்பா அம்மா போன பிறகு அவரைப் படிக்கவைத்து ஆளாக்கிய அக்கா. பட்டது போதும் என்று கணவன் வீட்டை விட்டு வந்திருந்தாள். அவர் துடித்துப்போனார், அதில் பொய்யில்லை. மனைவியும் அவருமாக மாடி அறையைப் பெருக்கி, மெத்தை விரித்து, மின்விசிறியைத் துடைத்தார்கள். அக்கா இனி இங்கேயே இருக்கட்டும் என்று தமக்குள் முடிவும் செய்தார்கள். அதைத் தம்பி வாயால் சொன்னால்தான் மரியாதை என்றாள் மனைவி. அவரும் தலையாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்காவே கேட்டுவிட்டாள்.

“டேய், நான் இங்கேயே இருந்துடவா? இல்ல, அந்த வீட்டுக்கே போயிடவா? நீ ஒரு வார்த்தை சொல்லு.”

அவர் தலை தானாகச் சாய்ந்தது. நாம் எதையும் திணிக்கக் கூடாது, அவள் மனசில் இருப்பதை அவளே சொல்லட்டும் என்று நினைத்தார். நல்லெண்ணம்தான், நாசமாய்ப் போக.

“ம்ம்... நீ அதை எப்படிப் பாக்குறக்கா?”

அக்கா கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். பிறகு மாடிக்குப் போய்த் துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்தாள். மனைவி பதறிப்போய்ப் பெட்டியைப் பிடுங்கினாள், கெஞ்சினாள். அவன் சொல்லட்டும் என்று சொல்லிவிட்டு அக்கா படியிறங்கினாள். குளித்துவிட்டு வந்த கணவரை மனைவி ஈரத்தலையோடு தெருவுக்குத் துரத்தினாள்.

பேருந்து நிறுத்தத்தில் மூச்சு வாங்க அக்காவைப் பிடித்துவிட்டார். இங்கேயே இரு அக்கா. அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. அதை ஓடி வரும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தார்.

“நீ என்னைப் போன்னு சொல்லலடா. இருன்னும் சொல்லல. எனக்குப் புரியுது” என்றாள் அக்கா.

அவர் கண் கலங்கியது. வாயைத் திறந்தார்.

“ஏன்க்கா அப்படி நினைக்கிற?”

அக்கா அவர் கன்னத்தை ஒருமுறை தடவிவிட்டுப் பேருந்தில் ஏறிக்கொண்டாள். இத்தனை வருட ஆய்வில் அவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் போனவள் அவள் ஒருத்திதான்.