மான் தூரம் ஓடாமல் இருக்க

வேட்டை அம்பின் முனையைத் தீட்ட நல்ல கருவி எது என்று கேட்டதும் கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நெற்றியில் பொட்டு, தோளில் லேப்டாப் பை, கையில் வெங்காயத்தாள் நீட்டிக்கொண்டிருந்த காய்கறிப் பை. ஹைடெல்பெர்க்கில் அந்தக் கடைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் பச்சைக் கம்பளிச் சட்டை போட்ட வேட்டைக்காரர்கள்.

"ஜெர்மனியில் வில்லால் வேட்டையாடுவது தடை. தெரியும்தானே?" என்றார்.

"தெரியும். டென்மார்க்கில் அனுமதி உண்டு."

"டென்மார்க்கில் உண்டுதான்" என்று ஒப்புக்கொண்டார். அவர் முதுகுக்குப் பின்னால் கண்ணாடி அலமாரியில் அதே முனைகள் வரிசையாக மின்னிக்கொண்டிருந்தன. எய்தால் குற்றம், விற்றால் வியாபாரம். இந்த நாட்டுச் சட்டம் எனக்குப் பிடிபட்டுவிட்டது என்று நினைக்கும்போதெல்லாம் இப்படி ஏதாவது ஒன்று வந்து நிற்கும்.

பிறகு அவர் கேள்வி கேட்க ஆரம்பித்தார். முனையில் இரண்டு தகடா, மூன்று தகடா? விளிம்பு என்ன கோணம்? எஃகு எப்படிப்பட்டது? உங்களுக்கு அரம் வேண்டுமா, கல் வேண்டுமா, இழுத்துத் தீட்டுகிற மாதிரி வேண்டுமா? மூன்று தகடு என்பது மட்டும் தெரியும். மற்ற எல்லாவற்றுக்கும் திருதிருவென்று விழித்தேன். கடைசியில், இவ்வளவு நேரம் நின்றுவிட்டு வெறுங்கையோடு போவது மரியாதையில்லை என்று, கத்தியை இழுத்துத் தீட்டுகிற ஒரு சின்னக் கருவியை வாங்கிக்கொண்டு ரயிலேறினேன்.

முட்டைகூடத் தொடாத வீட்டில், கும்பகோணத்தில் பிறந்தவள் நான். என் கணவன் நாகர்கோவில் பக்கம். மீன் இல்லாத நாள் அவனுக்கு விரத நாள். இருவருமே வால்டோர்ஃபில் மென்பொருள் வேலை. கல்யாணத்தின்போது பேசிக்கொண்ட ஒப்பந்தம் எளிமையானது: அவன் கோயிலுக்கு வருவான், நான் சர்ச்சுக்குப் போவேன், மீன் சட்டி தனி. அதில் மானைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

மான் பின்வாசல் வழியாக வந்தது. நாற்காலியிலேயே உட்கார்ந்து முதுகு வலிக்கிறது என்று காட்டோரத்து வில்வித்தை சங்கத்தில் சேர்ந்தான். அங்கே மரங்களுக்கு நடுவில் ரப்பர் பன்றியும் ரப்பர் கரடியும் நிற்கும், அவற்றைக் குறி பார்த்து எய்வார்கள். எனக்குச் சந்தோஷம்தான். பிறகு அவனுடன் வேலை பார்க்கும் ஜெர்மன் நண்பர் ஒருவர், வேட்டை உரிமம் எடுக்கலாம் வா என்று இழுத்தார். அது சாதாரணப் பரீட்சை இல்லை. முயலின் பல்வரிசையிலிருந்து நரியின் சொறிநோய்வரை ஜெர்மனில் மனப்பாடம் செய்ய வேண்டும். ரசம் சாதம் பிசைந்தபடி நான் கேள்வி கேட்பேன், அவன் பதில் சொல்வான். பாஸ் செய்ததற்குப் பாயசம் வைத்தவளும் நான்தான். கொலைக்குப் பாயசம் வைக்கிறோம் என்று அப்போது உறைக்கவேயில்லை.

போன வருட இலையுதிர் காலத்தில் அவனும் நண்பரும் டென்மார்க் போனார்கள். திரும்பி வந்தவன் பையைக் கீழே வைத்துவிட்டு, "கிடைச்சுது" என்று மட்டும் சொன்னான். மற்றதெல்லாம் நண்பர் வாயிலிருந்துதான் தெரிந்தது. இவன் எய்த அம்பு பட்டது. மான் ஓடிவிட்டது. இருட்டிவிட்டதால், மோப்ப நாயோடு ஒருவர் வந்து மறுநாள் காலையில்தான் கண்டுபிடித்தார். அப்போதும் அதற்கு உயிர் இருந்தது. நாய்க்காரர் அம்புமுனையில் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்து, "இதால் வெண்ணெய்கூட நறுக்க முடியாது" என்றாராம். கடைப் பாக்கெட்டைப் பிரித்து, தீட்டாமல் அப்படியே மாட்டிய முனை. முனை மொண்ணை என்பதை நண்பர் இன்றுவரை ஒப்புக்கொள்வதில்லை. குறிதான் கொஞ்சம் தள்ளிவிட்டது என்பார். என் கணவன் எதுவும் சொல்வதில்லை. அதற்குப் பிறகு அவன் மீனையும் குறைத்துக்கொண்டான். நான் கேட்டால், "கொலஸ்ட்ரால்" என்பான்.

இந்த வருடமும் நண்பர் இரண்டு பேருக்கும் சேர்த்து இடம் பதிவு செய்துவிட்டார். இவன் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மூன்று முனைகள் இருந்த டப்பாவைச் சாப்பாட்டு மேஜையில் வைத்து, "இதுக்கு ஏத்த மாதிரி தீட்டற சாமான் ஒண்ணு நீயே பாத்து வாங்கேன்" என்றான். இந்த வீட்டில் மிக்ஸி முதல் இன்ஷூரன்ஸ் வரை தேர்ந்தெடுப்பது நான்தான். ஆனாலும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏன்டா, கொல்றது நீ, கத்தி தீட்டறது நானா?"

"உனக்குப் பிடிக்கலைன்னா விடு. நான் எதையாவது வாங்கிக்கறேன்."

அந்த 'எதையாவது'தான் என்னை மாட்டிவிட்டது. நான் நன்றாகத் தேர்ந்தெடுத்தால் மான் சாகும். தப்பாகத் தேர்ந்தெடுத்தாலும் மான் சாகும், ஆனால் ஓர் இரவு முழுக்கச் சாகும். ஒதுங்கிக்கொண்டால் என் கை சுத்தம். மானுக்கு அதனால் என்ன லாபம்? யோசிக்க யோசிக்கத் தலை சுற்றியது. பாவத்தைக் குறைப்பதற்காகப் பாவத்தில் பங்கு எடுத்துக்கொள்வது எந்தக் கணக்கு? எங்கள் வீட்டில் யாரும் எனக்கு இதைச் சொல்லித் தந்ததில்லை. அப்படி ஒரு கேள்வியே அங்கே எழுந்ததில்லை.

ஹைடெல்பெர்க்கில் வாங்கிய கருவி முதல் நாளே கைவிரித்தது. அதன் பிளவில் ஒரு தகட்டைச் செருகினால் மற்ற இரண்டும் இடித்தன. இணையத்தில் தேடினேன். ஒருவர் அரம்தான் உத்தமம் என்றார், அடுத்தவர் அரத்தைத் தொட்டால் முனை போச்சு என்றார். உருளை வைத்தது வாங்கு என்று ஒருவர், உருளை வைத்ததைத் தவிர எது வேண்டுமானாலும் வாங்கு என்று இன்னொருவர். எல்லோரும் சத்தியம் செய்யாத குறை. எங்கள் ஆபீஸ் மீட்டிங்குகள் எவ்வளவோ தேவலை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அலுத்துப்போய் ஒரு முனையை மேஜைக் கண்ணாடியின் மேல் உருட்டிக்கொண்டிருந்தேன். அது படுத்த இடத்தில் ஆடாமல் நின்றது. குனிந்து பார்த்தேன். மூன்று தகடுகளில் இரண்டின் விளிம்பு கண்ணாடியில் சமமாகப் படிந்திருந்தது. அப்படியென்றால் கோணத்தைப் பற்றி நான் கவலைப்படவே வேண்டாம், முனையே பார்த்துக்கொள்ளும். தட்டையான கல் ஒன்று போதும். ஒரு பக்கம் சொரசொரப்பும் மறுபக்கம் வழுவழுப்புமாக, வைரத்தூள் பூசிய உலோகத் தகடு ஒன்றை வரவழைத்தேன். விளிம்பில் கறுப்பு மார்க்கர் பேனாவால் தீற்றிவிட்டுத் தேய்த்தால் எங்கே மை போகிறது, எங்கே போகவில்லை என்று தெரிந்துவிடும். படுக்க வைத்துத் தள்ளு, திருப்பு, தள்ளு. கடைசியில் பழைய பெல்ட்டின் தோலில் இழுத்துப் பிசிறை எடுக்க வேண்டும்.

சோதனை முறையை அவன்தான் சொன்னான், டென்மார்க்கிலிருந்து வந்த பிறகு படித்துத் தெரிந்துகொண்டதாம். "ரத்தக்குழாய் ரப்பர் மாதிரி. மொண்ணைத் தகடு பட்டா நழுவி ஒதுங்கிக்கும். ஷார்ப்பா இருந்தா தொட்டதுமே அறுந்துரும், மான் தூரம் ஓடாது." வெங்காயத்தாள் கட்டிலிருந்து ரப்பர் பேண்டைக் கழற்றி எவர்சில்வர் டப்பாவின் வாயில் இழுத்து மாட்டினேன். முனையால் லேசாகத் தொட்டேன். 'டப்' என்று அறுந்தது. பெருமையாக நிமிர்ந்து பார்த்தால் அவன் பால்கனியில் எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தான். எனக்கு அப்போதாவது புரிந்திருக்க வேண்டும். நானோ மீதி இரண்டு முனைகளையும் தீட்டுகிற மும்முரத்தில் இருந்தேன்.

அவர்கள் கிளம்ப வேண்டிய நாள் சரஸ்வதி பூஜையன்று வந்தது. காலையில் லேப்டாப்புகள், கார் சாவி, மிக்ஸி, அரிவாள்மணை எல்லாவற்றையும் பூஜை அலமாரி முன்னால் வைத்தேன். மேஜையில் கிடந்த மூன்று முனைகளும் தீட்டுகிற தகடும் கண்ணில் பட்டன. இவையும் ஆயுதம்தானே? கொலை ஆயுதத்தை வைக்கலாமா? சாமி கையிலேயே வில் இருக்கிறதே? குழப்பத்தோடு அவற்றையும் ஓர் ஓரமாக வைத்தேன். வீடியோவில் பூஜை பார்த்துக்கொண்டிருந்த அம்மா கேட்டாள்: "அது என்னடி ஓரத்துல, பளபளன்னு?"

"அவரோட சாமான்மா."

"அதுக்கு மட்டும் ஏன் பொட்டு இல்லை? சந்தனம் நன்னா குழைச்சு வை."

வைத்தேன். நன்றாகவே குழைத்து, ஒவ்வொரு தகட்டிலும் சந்தனம், அதன் மேல் குங்குமம். மத்தியானம் வந்து பார்த்த என் கணவன் ஒரு முனையை மூக்கருகே கொண்டுபோனான்.

"சந்தன வாசனை. மான் ஒரு ஃபர்லாங் தூரத்துலேயே மோந்துரும்." பிறகு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். ஈரம் பட்ட இடத்தில் அதற்குள் பழுப்பாகத் துருப்புள்ளி விழுந்திருந்தது. நான் பதறிப்போய்க் கையை நீட்டினேன்.

"கொடு, கழுவித் திரும்பத் தீட்டித் தரேன்."

"பூஜையில வச்சா மறுநாள்தானே எடுக்கணும்?" என்றான் அவன். முனையை இருந்த இடத்திலேயே பக்குவமாக வைத்தான். "எடுக்காதே. நான் போகலை."

ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவனுக்கு என் சரஸ்வதி மேல் திடீரென்று என்ன இவ்வளவு பக்தி? அவன் முகத்தைப் பார்த்தேன். ஜுரம் விட்ட முகம் மாதிரி இருந்தது. ஒரு வருடமாக ஏதாவது ஒரு காரணம் கிடைக்காதா என்று தேடிக்கொண்டிருந்திருக்கிறான். அதை என் கையால் சந்தனம் பூசிக் கொடுத்திருக்கிறேன். அவன் போகக் கூடாது என்பதுதானே என் ஆசையும்? பிறகு ஏன் எனக்கு நிம்மதியாக இல்லை என்று தெரியவில்லை.

சாயங்காலம் நண்பர் காரோடு வந்தார். என் கணவன் வாசலில் நின்று ஜெர்மனில் சொன்னான்: "மன்னித்துக்கொள். இன்று என் மனைவிக்கு மதப் பண்டிகை. ஆயுதத்தைத் தொடக் கூடாதாம்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. தமிழில் கத்தினேன். "பொய் சொல்லாதடா! என் பூஜை மேல பழியைப் போடாதே. பயமா இருக்குன்னு சொல்லத் தெரியாதா உனக்கு?"

நண்பர் ஒன்றும் புரியாமல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். என் கணவன் நண்பர் பக்கம் திரும்பினான். பிறகு ஜெர்மனிலேயே, மிக மெதுவாகச் சொன்னான்: "காலையில் நாம் போனபோது அது தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. என்னால் இன்னொரு தடவை முடியாது." அந்த மானைப் பற்றி அவன் வாய்விட்டுப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு அழுகை வந்தது.

நண்பர் தலையை ஆட்டினார். இவன் தோளைத் தட்டிக்கொடுத்தார். கிளம்பப் போனவர், கார் சாவியை எடுத்துக்கொண்டே, "எனக்குப் பிரச்சினையில்லை, நான் தனியாகவே போகிறேன். புது முனைகள் வாங்கியிருக்கிறேன், பாக்கெட்டைக்கூட இன்னும் பிரிக்கவில்லை" என்றார்.

என் கணவன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன்.

"பத்து நிமிஷம் உட்காருங்கள்" என்று நண்பரிடம் சொன்னேன். அவருக்கு ஒரு காபி வைத்துக் கொடுத்துவிட்டுப் பூஜை அலமாரி முன்னால் போய், சாமியிடம் எதுவும் கேட்காமல் மூன்று முனைகளையும் தீட்டுகிற தகட்டையும் எடுத்தேன். வாசனையில்லாத சோப்பு தேடி, கிடைக்காமல், வெந்நீரிலும் சோடா உப்பிலும் கழுவினேன். மேஜையில் உட்கார்ந்து முதலிலிருந்து தீட்டினேன். பத்து நிமிஷம் ஒரு மணி நேரமாயிற்று. என் கணவன் பக்கத்தில் நின்று ரப்பர் பேண்டைப் பிடித்துக்கொண்டான். இந்தத் தடவை அவன் பால்கனிக்குப் போகவில்லை. மூன்றும் தொட்டதும் அறுத்தன. டப்பாவில் போட்டு நண்பரிடம் கொடுத்து, "உங்களுடையதை மாட்டாதீர்கள், இதை மாட்டுங்கள்" என்றேன். அவர் நாகரிகமாகச் சிரித்தார். கேலியா நன்றியா என்று எனக்கு விளங்கவில்லை.

இரண்டு நாள் கழித்து ஆபீஸ் கேன்டீனில் தட்டோடு வரிசையில் நிற்கும்போது அவரிடமிருந்து செய்தி வந்தது. கிடைத்துவிட்டது, நான்கைந்து தாவல்தான், அவர் கண் முன்னாலேயே விழுந்துவிட்டது, நாய் தேவைப்படவில்லை. உங்கள் முனைதான், நன்றி. நான் அதை இரண்டு தடவை படித்தேன். "அப்பாடா" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். மனசெல்லாம் நிறைந்தது. அசல் சந்தோஷம், வேறு பேர் அதற்கு இல்லை. பின்னால் நின்ற பெண், என்ன நல்ல செய்தியா என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். ஆமாம் என்றேன். சொன்ன பிறகுதான் செத்தது ஒரு மான் என்று உறைத்தது, வெறும் தட்டை அடுக்கிலேயே திரும்ப வைத்துவிட்டு வரிசையிலிருந்து விலகினேன்.