ஐந்தரை மணி நேரம் என்று நம்பி ஏறினேன்

போன வருடம் நோன்பு மாதத்தில், சென்னையிலிருந்து லண்டனுக்கு விமானத்தில் போனபோது நடந்தது இது. அங்கே இருக்கும் மகளுக்குப் பிரசவ நேரம். எங்கள் ஊர் கூத்தாநல்லூரைத் தாண்டித் தனியாக எங்குமே போகாத நான், துணிந்து புறப்பட்டுவிட்டேன்.

காலை ஐந்தரைக்கு ஏறினால் பதினொன்றுக்கு இறங்கலாம் என்று மகன் தாளில் எழுதிக் கொடுத்திருந்தான். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் என்றாலும் கழித்தல் கணக்கு தெரியாதா? ஐந்தரை மணி நேரம்! ஊரிலிருந்து சென்னைக்கு வேனில் வந்ததே அதைவிட அதிகம். பயணத்தில் நோன்பை விடலாம்தான். இத்தனை சின்னப் பயணத்துக்கு ஏன் விட வேண்டும் என்று விடியுமுன் விமான நிலையத்திலேயே சகர் உணவு சாப்பிட்டு நோன்பு வைத்துவிட்டேன். எனக்குச் சர்க்கரை வியாதி வேறு.

கைக்கடிகாரத்தில் பதினொன்று ஆகப்போகும்போது பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். ஒருவரும் அசையவில்லை. பதினொன்றரையும் ஆனது. விமானம் வழி தவறிவிட்டதோ என்று பயம். யாரையாவது கேட்கலாமென்றால் கூச்சம். கை நடுங்க ஆரம்பித்தது. போர்த்தியிருந்த துப்பட்டிக்குள் மறைத்துக்கொண்டேன்.

பக்கத்தில், ஜன்னலோரம், வேட்டி கட்டிய ஒரு விவசாயி. அவர் தன் மகனைப் பார்க்கப் போகிறவர்; நான் மகள் பிரசவத்துக்குப் போவதை ஏறியதுமே கேட்டுத் தெரிந்துகொண்டார்.

"என்னக்கா, பையைத் தூக்கிட்டீங்க? கண்டக்டர் விசில் அடிச்சதும் குதிக்கப் போறீங்களா?"

தாளை நீட்டினேன். படித்துவிட்டுச் சிரித்தார்.

"இது அந்த ஊரு கடிகாரத்துல பதினொண்ணு, அக்கா. கல்லணையில தண்ணி திறந்தா எங்க கடைமடைக்கு நாள் கழிச்சுத்தானே வந்து சேருது? பொழுதும் அப்படித்தான். நமக்கு முதல்ல, அவங்களுக்கு அப்புறம்."

எதிரே இருந்த திரையைக் காட்டினார். எட்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தூரமாம், பதினோரு மணி நேரப் பயணமாம். பாதிதான் வந்திருந்தோம். அங்கே பொழுது சாயும்போது நம் ஊரில் இரவு பதினொன்று ஆகியிருக்கும் என்றதும், அதுவரை நோன்பா என்று எனக்குக் கண்ணை இருட்டியது.

என் கையை அவர் கவனித்துவிட்டார். "சுகரா? நோன்பு வேறயா?"

தலையசைத்தேன்.

"நான் பள்ளிவாசல் கஞ்சி குடிச்சு வளர்ந்தவன்க்கா. பயணத்துல விட்டுட்டு அப்புறமா பிடிச்சுக்கலாம்னு எங்க ஊரு பள்ளிவாசல் அசரத்து சொல்லுவாரு. பேரப்புள்ளைய தூக்கப் போறவங்க நீங்க. நீங்களே விழுந்துட்டா உங்களை யாரு தூக்குறது?"

எனக்குத் தெரிந்ததைத்தான் சொன்னார். ஆனாலும் அதை ஒருவர் வாயால் கேட்க வேண்டியிருந்தது. தலைக்கு மேலிருந்த பொத்தானை அழுத்தி, பாதி ஆங்கிலம், பாதி கை ஜாடையில் பழச்சாறு வரவழைத்தார். என் கையில் கொடுத்துவிட்டு, நான் குடித்து முடிக்கும்வரை ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

பேரனைத் தெம்பாகத் தூக்கினேன். ஊர் திரும்பியதும் விட்ட அந்த நோன்பையும் பிடித்துவிட்டேன். அவர் எந்த ஊர்க்காரர் என்று கேட்கத்தான் கூச்சம் விடவில்லை. அதனால் இப்போதெல்லாம் ஆற்றில் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்று கேட்டாலே, கடைமடையில் ஒரு வயல்கூட விட்டுப்போகாமல் போய்ச் சேரட்டும் என்று துஆ கேட்கிறேன். அதில் அவர் வயலும் இருக்கும் அல்லவா?